சிட்னி டூ கெய்ன்ஸ் 2,600 கி.மீ: பஸ் பாஸ் லாபமா, தனித்தனி டிக்கெட் லாபமா?

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையை பஸ்ஸிலேயே சுற்றிப் பார்க்கும் ஆசை இப்போது தமிழ்நாட்டு இளைஞர்களுக்கும் எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. காரணம், 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசா. சப்கிளாஸ் 462 எனப்படும் இந்த விசா, 2024 முதல் இந்தியர்களுக்கும் திறக்கப்பட்டது. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 1,000 இடங்கள்தான், அதுவும் குலுக்கல் முறையில். கிடைத்தால் 12 மாதங்கள் அங்கே தங்கலாம், சுற்றலாம், இடையில் வேலையும் பார்க்கலாம்.

விசா கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது, சிட்னியில் இருந்து கெய்ன்ஸ் வரை எப்படிப் போவது என்பதைத்தான். தேடினால் உடனே கண்ணில் படுவது 'அன்லிமிடெட்' பஸ் பாஸ். ஒரு தடவை காசு கட்டினால் எங்கே வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். கேட்கவே நன்றாக இருக்கும். ஆனால், அவசரப்பட்டு வாங்கிவிட்டு, பாதி நாட்களைப் பயன்படுத்தாமலே விடுகிற ஆபத்தும் இதில்தான் அதிகம். எந்தப் பாஸ் யாருக்குச் சரி, எப்போது பாஸே தேவையில்லை?

முதலில் தூரம் புரியணும்

மேப்பில் பார்த்தால் பைரன் பே, பிரிஸ்பேன், கெய்ன்ஸ் எல்லாம் ஒரே கோட்டில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் மாதிரி தெரியும். உண்மையில் சிட்னியில் இருந்து கெய்ன்ஸுக்குக் கடற்கரைச் சாலை வழியே சுமார் 2,600 கி.மீ. சென்னையில் இருந்து டெல்லி போவதைவிட அதிகம்.

பேக்பேக்கர்கள் வழக்கமாக நிற்கும் முதல் கடற்கரை ஊர் பைரன் பே. சிட்னியில் இருந்து அதற்கே கிட்டத்தட்ட 770 கி.மீ. பஸ்ஸில் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சென்னையில் ஏறி கன்னியாகுமரியில் இறங்குவது போல. பிரிஸ்பேனில் இருந்து கெய்ன்ஸ் வரை புரூஸ் நெடுஞ்சாலை சுமார் 1,680 கி.மீ. நடுவில் எங்கும் தங்காமல் போனால் பஸ்ஸில் ஒரு நாளையும் தாண்டிவிடும்.

நிறுத்தங்களின் வரிசை ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். பைரன் பே, கோல்டு கோஸ்ட், பிரிஸ்பேன், நூசா, ஹார்வி பே, செவன்டீன் செவன்டி, ஏர்லி பீச், டவுன்ஸ்வில், மிஷன் பீச், கெய்ன்ஸ். ஹார்வி பேயில் இருந்து உலகின் மிகப் பெரிய மணல் தீவான கேகாரிக்குப் போகலாம். ஃபிரேசர் ஐலண்ட் என்று அறியப்பட்ட அந்தத் தீவுக்கு, 2023-ல் பூர்வகுடிகள் வைத்த பழைய பெயரே அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது. ஏர்லி பீச், விட்சண்டே தீவுகளுக்கான வாசல். கெய்ன்ஸ், கிரேட் பேரியர் ரீஃபுக்கான வாசல்.

பாஸ்களில் எத்தனை வகை?

பெயர்கள் பல இருந்தாலும், நீண்ட தூர பஸ் பாஸ்களை மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம்.

*நாள் கணக்குப் பாஸ்:* 15 நாள், 30 நாள், 60 நாள் என்று காலம் வாங்குவது. அந்த நாட்களுக்குள் எத்தனை கிலோமீட்டர் போனாலும் கணக்கில்லை. கிரேஹவுண்ட் ஆஸ்திரேலியாவின் 'விமிட்' பாஸ் இந்த வகை. கிழக்குக் கடற்கரைக்கு மட்டும் ஒன்று, நாடு முழுவதற்கும் ஒன்று என்று தனித்தனியாக விற்கிறார்கள். (அமெரிக்காவின் கிரேஹவுண்ட் வேறு, இது வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று.)

*ஒரே திசைப் பாஸ்:* 'ஹாப் ஆன் ஹாப் ஆஃப்' என்பார்கள். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை, வழியில் எத்தனை ஊரிலும் இறங்கி ஏறலாம். ஆனால் வந்த வழியே திரும்ப முடியாது. செல்லுபடியாகும் காலம் பொதுவாக நாள் கணக்குப் பாஸைவிட நீளமாக இருக்கும். இந்தக் கடற்கரையில் நீண்ட காலமாக பஸ் ஓட்டும் பிரீமியர் மோட்டார் சர்வீஸ், இந்த வகைப் பாஸால் பேக்பேக்கர்களிடம் பிரபலமானது.

*கிலோமீட்டர் பாஸ்:* மொபைல் டேட்டா பேக் மாதிரி. இத்தனை ஆயிரம் கி.மீ. வாங்கி, போகப் போகக் கழித்துக்கொள்வது. கிரேஹவுண்ட் ஒரு காலத்தில் இதை விற்றது. பழைய டிராவல் வீடியோக்களிலும் கைடுகளிலும் இன்னமும் இதைப் பற்றிச் சொல்வார்கள். அதை நம்பி பட்ஜெட் போடக் கூடாது.

எந்தப் பாஸ் இப்போது விற்பனையில் இருக்கிறது, எந்தப் பகுதியில் பஸ் இப்போதும் ஓடுகிறது என்பதை கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது. சர்வீஸ்கள் குறைவதும் கூடுவதும் அங்கே சகஜம்.

கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கும்?

நாள் கணக்குப் பாஸில் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 15 நாள் என்றால் பஸ்ஸில் ஏறும் 15 நாட்கள் அல்ல. முதல் பஸ்ஸில் ஏறும் நாளில் இருந்து தொடர்ச்சியாக 15 நாட்கள். பீச்சில் படுத்திருந்தாலும் நாள் கழியும். ஹாஸ்டலில் தூங்கினாலும் கழியும்.

இதிலேயே ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. முதல் பஸ்ஸுக்கு முன்னால் இருக்கும் நாட்களும், கடைசி பஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் நாட்களும் கணக்கில் வராது. "நான் போறது நாலு வாரம், அதனால 30 நாள் பாஸ்தான் வேணும்" என்று நினைப்பது தேவையே இல்லாமல் போகலாம்.

ஒரு மாதிரித் திட்டத்தை வைத்துப் பார்க்கலாம். மொத்தம் 28 இரவுகள்.

- சிட்னி: 4 இரவு
- சிட்னி – பைரன் பே: பஸ்ஸில் 1 இரவு
- பைரன் பே: 3 இரவு
- பிரிஸ்பேன்: 2 இரவு
- நூசா: 2 இரவு
- ஹார்வி பே, கேகாரி: 3 இரவு
- செவன்டீன் செவன்டி: 2 இரவு
- ஏர்லி பீச்சுக்கு பஸ்ஸில் 1 இரவு
- ஏர்லி பீச், விட்சண்டே: 4 இரவு
- டவுன்ஸ்வில், மேக்னடிக் ஐலண்ட்: 2 இரவு
- கெய்ன்ஸ்: 4 இரவு

இதில் சிட்னியிலேயே பாஸைத் தொடங்கினால், கெய்ன்ஸில் இறங்குவது 21-வது நாள். அப்போது 30 நாள் பாஸ்தான் வாங்க வேண்டும். ஒன்பது நாள் மிச்சமாகி வீணாகும்.

அதுவே நூசாவில் பாஸைத் தொடங்கினால்? முதல் நாள் நூசாவில் இருந்து ஹார்வி பே. 4-வது நாள் செவன்டீன் செவன்டி. 6-வது நாள் இரவு பஸ் ஏறினால், 7-வது நாள் காலை ஏர்லி பீச். 11-வது நாள் டவுன்ஸ்வில். 13-வது நாள் கெய்ன்ஸ். எல்லாம் 15 நாள் பாஸுக்குள் முடிந்துவிடுகிறது. சிட்னி – பைரன் பே, பைரன் பே – பிரிஸ்பேன் என்று இரண்டு ஒற்றை டிக்கெட் மட்டும் தனியாக வாங்கினால் போதும்.

பிரிஸ்பேனில் இருந்து நூசாவுக்கு? அதற்குத்தான் அடுத்த விஷயம்.

50 சென்ட்டில் போகிற தூரத்துக்கு பாஸ் எதற்கு?

குயின்ஸ்லாந்து அரசு 2024 ஆகஸ்ட் 5-ம் தேதி, 'டிரான்ஸ்லிங்க்' பொதுப் போக்குவரத்தில் பயணம் ஒன்றுக்கு 50 சென்ட்தான் கட்டணம் என்ற திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. ஆறு மாத சோதனையாகத் தொடங்கிய திட்டம், பிறகு நிரந்தரமானது.

தென்கிழக்கு குயின்ஸ்லாந்தில் டிரான்ஸ்லிங்க் வலை ரொம்பப் பெரியது. தெற்கே கோல்டு கோஸ்ட், நடுவே பிரிஸ்பேன், வடக்கே நூசா, இன்னும் மேலே கிம்பி வரை விரிகிறது. பிரிஸ்பேனில் ரயில் ஏறி நாம்பூரில் இறங்கி, அங்கிருந்து லோக்கல் பஸ் பிடித்தால் நூசா. சொகுசு பஸ்ஸைவிட நேரம் கொஞ்சம் கூடும், மாறி ஏற வேண்டும், பெரிய பையோடு கொஞ்சம் சிரமம். ஆனால் செலவு ஒரு டாலருக்குள்.

ஆக, கோல்டு கோஸ்ட் முதல் நூசா வரையிலான பகுதியில் பாஸ் நாட்களைச் செலவழிப்பது பெரும்பாலும் நஷ்டம். பாஸ் உண்மையிலேயே உழைப்பது நூசாவுக்கு வடக்கே, ஊருக்கும் ஊருக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருக்கும் பகுதியில்தான்.

பாஸ் இருந்தால் சீட் இருக்குமா?

இல்லை. பாஸ் என்பது ஏறுவதற்கான உரிமை, சீட் அல்ல. ஒவ்வொரு பயணத்தையும் ஆப்பிலோ தளத்திலோ தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். புரூஸ் நெடுஞ்சாலையின் பல பகுதிகளில் நாளைக்கு ஒன்றிரண்டு சர்வீஸ்தான். கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ நிற்பது போல "இது போனா அடுத்தது" என்று நிற்க முடியாது. ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால், நாள் கணக்குப் பாஸில் ஒரு முழு நாள் போய்விடும். அந்த இரவுக்கான ஹாஸ்டல் செலவு தனி.

டிசம்பர், ஜனவரி ஆஸ்திரேலியாவின் கோடை விடுமுறை. அந்த மாதங்களில் இரவு நேர பஸ்கள் சீக்கிரம் நிரம்பும். கேகாரி டூர், விட்சண்டே படகுப் பயணம் இரண்டுக்கும் தேதியை முதலில் உறுதி செய்துவிட்டு, அதற்கேற்ப பஸ்ஸை புக் செய்வதே பாதுகாப்பான வரிசை.

இன்னொன்று, பாஸ் கரையோடு முடிந்துவிடும். தீவுக்கான படகு, ரீஃப் டூர், கெய்ன்ஸுக்கு வடக்கே டெயின்ட்ரீ காடு, இவை எல்லாம் தனிச் செலவு. பல சமயம் பஸ்ஸைவிட இவைதான் பட்ஜெட்டைக் கடிக்கும்.

வேலை பார்த்துக்கொண்டே போகிறவர்கள் கவனிக்க

462 விசாவில் போகிறவர்களில் பலர் வழியிலேயே வேலை பார்ப்பார்கள். குறிப்பிட்ட பகுதிகளில், குறிப்பிட்ட வகை வேலையை மூன்று மாதம், அதாவது 88 நாட்கள் செய்தால் இரண்டாவது ஆண்டு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது இதற்கு முக்கியக் காரணம். காய்கறி, பழத் தோட்டங்களுக்குப் பெயர்போன பண்டபெர்க், போவன், டல்லி போன்ற ஊர்கள் இதே நெடுஞ்சாலையிலோ அதை ஒட்டியோதான் இருக்கின்றன.

நாள் கணக்குப் பாஸ் இவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. 60 நாள் பாஸோடு கிளம்பி, 10-வது நாள் பண்டபெர்க்கில் வேலை கிடைத்து இரண்டு மாதம் தங்கினால், பாஸ் பையிலேயே காலாவதி ஆகிவிடும். வேலை கிடைக்கும் தேதியும் முடியும் தேதியும் அறுவடையைப் பொறுத்தது. இவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. நீண்ட செல்லுபடிக் காலம் உள்ள ஒரே திசைப் பாஸ் கிடைத்தால் அது. இல்லையென்றால் வேலைக்கு முன் ஒற்றை டிக்கெட், வேலை முடிந்து கையில் சம்பளத்தோடு சுற்றக் கிளம்பும்போது ஒரு சின்ன நாள் கணக்குப் பாஸ்.

எப்போது போவது?

பாஸின் விலையைவிடச் சில சமயம் பருவம்தான் முக்கியம். வெப்ப மண்டலமான வடக்கு குயின்ஸ்லாந்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயலும். ஏறக்குறைய இதே மாதங்களில், மே வரைகூட, கடலில் விஷ ஜெல்லி மீன்கள் இருக்கும். அப்போது கடலில் இறங்க உடல் முழுக்க மூடும் 'ஸ்டிங்கர் சூட்' வேண்டும்.

மழைக் காலத்தில் சாலையே துண்டிக்கப்படலாம். 2025 பிப்ரவரி வெள்ளத்தில் டவுன்ஸ்வில்லுக்கும் இங்காமுக்கும் இடையே புரூஸ் நெடுஞ்சாலையில் ஒரு பாலம் இடிந்து, வடக்கே போகும் பாதை அறுந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் 15 நாள் பாஸில் வெறும் இரண்டு நாள் மிச்சம் வைத்துத் திட்டமிட்டவர் என்ன செய்வார்? ஜனவரி முதல் மார்ச் வரை போவதாக இருந்தால், மேலே சொன்ன நெருக்கமான கணக்கு வேண்டாம். நாட்களைத் தளர்வாக வைப்பது நல்லது, அல்லது ஒவ்வொரு கட்டமாக ஒற்றை டிக்கெட்டில் போவது நல்லது.

ஜூன் முதல் அக்டோபர் வரை வடக்கில் வறண்ட, இதமான காலம். ஜூலை இறுதியில் இருந்து அக்டோபர் வரை ஹார்வி பேயில் திமிங்கிலங்களையும் பார்க்கலாம். நம்ம ஊர் கோடை விடுமுறையை ஒட்டிப் போகிறவர்கள் மே மாதம் தெற்கில் தொடங்கி மெதுவாக வடக்கே ஏறினால், கெய்ன்ஸ் போய்ச் சேரும்போது மழை ஓய்ந்திருக்கும்.

ஒரு மணி நேரக் குழப்பம்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் குயின்ஸ்லாந்தில் இந்த வழக்கமே கிடையாது. அதனால் அந்த மாதங்களில் பைரன் பேயில் காலை 10 மணி என்றால், கோல்டு கோஸ்டில் காலை 9 மணிதான். பஸ் அட்டவணையில் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரமே இருக்கும். வடக்கே போகும்போது ஒரு மணி நேரம் கிடைக்கும். தெற்கே வரும்போதுதான் சிக்கல். குயின்ஸ்லாந்தில் இருந்து கிளம்பி சிட்னியில் விமானம் பிடிக்கிறவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தனியாகப் போகும் பெண்கள் எதைப் பார்க்கணும்?

பஸ்ஸின் விலையைவிட, பஸ் போய்ச் சேரும் நேரத்தை. சிட்னி, பிரிஸ்பேன் போன்ற நகரங்களில் ரயில் நிலையத்தை ஒட்டியே பஸ் நிற்கும் இடம் இருக்கும். சின்னக் கடற்கரை ஊர்களில் அது தெருவோர நிறுத்தமாகவே இருக்கலாம். பல ஹாஸ்டல்களில் இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ரிசப்ஷனில் ஆள் இருக்காது. விடிகாலை 4 மணிக்கு இறக்கிவிடும் மலிவான பஸ்ஸைவிட, பகலில் சேரும் பஸ்ஸே நல்லது. 'அன்லிமிடெட்' பாஸின் உண்மையான பலன் இங்கேதான். நேரம் பிடிக்கவில்லை என்றால், கூடுதல் காசு கட்டாமல் வேறு பஸ்ஸுக்கு மாற்றிக்கொள்ள முடியும். எவ்வளவு நேரத்துக்கு முன்னால் மாற்ற வேண்டும் என்ற விதியை மட்டும் படித்துவிட வேண்டும்.

ரயில் ஒரு மாற்றா?

ஓரளவுக்கு. சிட்னி – பிரிஸ்பேன் ரயில் உண்டு, சுமார் 14 மணி நேரம். நியூ சவுத் வேல்ஸ் அரசின் 'டிஸ்கவரி பாஸ்', 14 நாளில் தொடங்கி பல கால அளவுகளில் ரயிலுக்கும் அரசு கோச்சுகளுக்கும் சேர்த்தே கிடைக்கும். பிரிஸ்பேன் – கெய்ன்ஸ் இடையே 'ஸ்பிரிட் ஆஃப் குயின்ஸ்லாந்து' ஓடுகிறது, ஏறக்குறைய 24 மணி நேரம். சீட் வசதியில் பஸ்ஸைவிட மேல்.

ஆனால் ரயில் கடற்கரைக்கு வராது. ஏர்லி பீச்சுக்கு புராசர்பைனில் இறங்கணும். செவன்டீன் செவன்டிக்கு மிரியம் வேலில் இறங்கணும். பைரன் பே ரயில் பாதை 2004-லேயே நிறுத்தப்பட்டது, காசினோவில் இறங்கி கோச் பிடிக்கணும். ஊர் ஊராகக் கடலில் கால் நனைக்க நினைப்பவர்களுக்கு பஸ்ஸே நெருக்கம். ஒன்றிரண்டு ஊர்களில் மட்டும் அதிக நாள் தங்குகிறவர்களுக்கு ரயிலோ விமானமோ போதும்.

அப்போ, யாருக்கு எது?

- *மூன்று, நான்கு ஊர்கள் மட்டும், தேதி உறுதி:* ஒற்றை டிக்கெட்டுகளை முன்கூட்டியே வாங்கலாம். பாஸ் தேவைப்படாமல் போக வாய்ப்பு அதிகம்.
- *பல ஊர்கள், இரண்டு முதல் நான்கு வாரம், தேதி தளர்வு:* நாள் கணக்குப் பாஸ். நூசாவிலோ ஹார்வி பேயிலோ தொடங்கினால் லாபம்.
- *வழியில் வேலை பார்க்கும் எண்ணம்:* நாள் கணக்குப் பாஸ் வேண்டாம். ஒரே திசைப் பாஸ் அல்லது ஒற்றை டிக்கெட்.
- *மூன்று, நான்கு பேர் சேர்ந்து:* வாடகைக் காரின் விலையையும் கேட்டுப் பார்க்கலாம். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டணும். ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்க மறக்கக் கூடாது. இரவில் கங்காரு குறுக்கே வரும் சாலைகள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

'பே' பட்டனை அழுத்தும் முன் 6 கேள்விகள்

1. முதல் பஸ்ஸுக்கும் கடைசி பஸ்ஸுக்கும் நடுவே எத்தனை நாள்? மொத்தப் பயண நாட்களை எண்ண வேண்டாம்.
2. அதே வழியில் எல்லா ஒற்றை டிக்கெட்டுகளின் கூட்டுத்தொகை எவ்வளவு? பாஸ் விலை அதைவிடக் குறைவா?
3. கடைசி நாள் இரவு ஏறி மறுநாள் இறங்கும் பஸ்ஸுக்கு பாஸ் செல்லுமா?
4. வாங்கிய பிறகு எவ்வளவு காலத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும்?
5. புயல், வெள்ளத்தால் பஸ் ரத்தானால் நாட்களை நீட்டிப்பார்களா? பணம் திரும்ப வருமா? பெயரை மாற்ற முடியுமா?
6. எத்தனை பை, எவ்வளவு எடை இலவசம்?

இரண்டாவது கேள்விக்கு பதில் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகும். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஊர், தேதி, ஒற்றை டிக்கெட் விலை என்று மூன்று காலம் போட்டால் போதும். பாஸ் விலை அந்தக் கூட்டுத்தொகையைவிட அதிகமாக இருந்து, திட்டத்தை மாற்றும் எண்ணமும் இல்லை என்றால், அந்த வித்தியாசத்தில் விட்சண்டேயில் இன்னொரு இரவு படகில் தங்கலாம். வித்தியாசம் சின்னதாக இருந்து, தேதிகள் மாறக்கூடும் என்று தோன்றினால் பாஸுக்கே போகலாம்.